ஃப்ளூ ஊசி, போன தோள், மூன்று வருஷம் கழித்து வந்த நஷ்டஈடு

அமெரிக்காவில் ஃப்ளூ ஊசி போட்ட பிறகு தோள்பட்டை வலி மாதக்கணக்கில் விடவில்லை என்றால், அதற்கு நஷ்டஈடு கேட்க அரசாங்கத்திலேயே ஒரு வழி இருக்கிறது, தடுப்பூசிப் பாதிப்பு நஷ்டஈட்டுத் திட்டம் என்று. 1988-லிருந்து இருக்கிறது. ஊசி போட்ட பார்மசியில் யாரும் எனக்கு அதைச் சொல்லவில்லை. நான் பார்த்த டாக்டர்கள் சொல்லவில்லை, வாரக்கணக்கில் என் கையை மடக்கி நிமிர்த்திய பிசியோ பெண்ணும் சொல்லவில்லை. ஊசி போடும்போது நம் கையில் திணிக்கிறார்களே ஒரு தாள், அதன் கடைசியில் இதைப் பற்றிச் சின்னதாக ஒரு பத்தி உண்டு. அதை யார் படிக்கிறார்கள்! மாதக்கணக்கில் வலியோடு இருந்துவிட்டு, தூக்கம் வராத ஒரு ராத்திரி போனில் தேடும்போதுதான் எனக்கு இது கண்ணில் பட்டது.

தடுப்பூசி வேண்டாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. போன வருஷமும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன், பிள்ளைகளுக்கும் போட்டேன். என் தோளைக் கெடுத்தது மருந்து மோசம் என்பதால் இல்லை, ஊசி இறங்கிய இடம் தப்பு. கையின் மேற்பகுதியில் இருக்கும் டெல்டாய்ட் சதையின் நடுவில், தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரல்கடை கீழே போட வேண்டும். அதற்கு மேலே குத்தினால், மூட்டைச் சுற்றி வழுவழுப்புக்காக இருக்கும் பர்ஸா என்கிற சின்னப் பைக்குள் மருந்து போய்விடலாம். உடம்பு அங்கேயே எதிர்ப்பைக் காட்டும், வீக்கம் வரும், கை தூக்க வராது. இதற்கு சிர்வா என்று பெயர். 2017 மார்ச்சில்தான் அரசாங்கத்தின் தடுப்பூசிப் பாதிப்புப் பட்டியலில் இதைச் சேர்த்தார்கள். பட்டியலில் இருக்கும் பாதிப்பு என்றால், ஊசிதான் காரணம் என்று நாம் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை. 2021 ஜனவரியில் பட்டியலிலிருந்து எடுக்க உத்தரவு போட்டு, சில மாதத்திலேயே அதை ரத்தும் செய்தார்கள். அந்த ரத்து மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது. சுலபம் என்று நான் சொல்வதற்கே மூன்று வருஷம் ஆனது.

2022 அக்டோபர், தீபாவளிக்கு முந்தின வாரம், ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நியூஜெர்சியில் எங்கள் வீட்டுப் பக்கத்து பார்மசியில் ஃப்ளூ ஊசியும் கோவிட் பூஸ்டரும் ஒன்றாகப் போட்டார்கள். ஃப்ளூ இடது கையில், கோவிட் வலது கையில். முழுக்கை ஸ்வெட்டர் போட்டிருந்தேன். கையைச் சுருட்டி மேலே ஏற்ற வரவில்லை, அதனால் போட்டவர் கழுத்துப் பக்கமாகத் துணியை இழுத்து, தெரிந்த இடத்தில் குத்தினார். தெரிந்த இடம் தோளின் உச்சிதான். அவர் நின்றுகொண்டிருந்தார், நான் உட்கார்ந்திருந்தேன். இப்போது ஊசி போடப் போனால் உள்ளே ஸ்லீவ்லெஸ் போட்டுக்கொண்டு போகிறேன், போடுபவரையும் உட்காரச் சொல்லிக் கேட்கிறேன். கொஞ்சம் முறைப்பார்கள், முறைக்கட்டும்.

அன்று ராத்திரியே இடது கை கனத்துவிட்டது. வலது கையில் ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் இருக்கும் தங்கைக்கு வாட்ஸாப்பில் "ஊசி போட்ட இடது கைய தூக்கவே முடியலடி, எந்தப் பக்கம் படுக்கன்னே தெரியல" என்று அனுப்பினேன். மறுநாள் போனில் அம்மா, "ஊசி போட்டா வலிக்கத்தாம்ளா செய்யும், நல்லெண்ணெய் தேச்சு வெந்நி ஊத்து" என்றாள். ஊற்றினேன். தீபாவளிக்கு நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து பலகாரம் செய்வோம். முறுக்கு அச்சைப் பிடித்து அழுத்தும்போது தோளுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி வலித்து, அச்சை அப்படியே மாவுக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். அடுப்பைத் தோழி பார்த்துக்கொண்டாள். அவள் அப்போது என் கண்ணீரைப் பார்த்தது பிற்பாடு கோர்ட்டில் ஓர் ஆவணமாகும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

வலியைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்கிறேன், ஏனென்றால் பெண்கள் இதை வெளியில் சொல்வதில்லை. பின்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கையும் உள்ளாடையும் நானே போட முடியவில்லை. பல மாதம் வீட்டுக்காரர்தான் மாட்டிவிட்டார். மகளுக்கு ரெட்டைப் பின்னல் போட முடியவில்லை, அவள் தலையை விரித்துப் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடம் போனாள். கார் சீட் பெல்ட்டை இழுக்கும்போது ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுக் கத்துவேன். ராத்திரி தூக்கமில்லாததில் எரிச்சல் எல்லோர் மேலும் பாய்ந்தது. "ஒரு ஊசிக்கு இவ்வளவா?" என்று என் மாமியார் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார், ஆனாலும் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

டாக்டரிடம் போனது டிசம்பர் நடுவில். ஆபீஸ் வேலை, பிள்ளைகள், தானாகச் சரியாகும் என்ற நினைப்பு, எல்லாம்தான். நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் தள்ளிப்போடுவோம். அந்த டாக்டரிடம், ஃப்ளூ ஊசி போட்டதிலிருந்து வலி என்று தெளிவாகச் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே தட்டினார். என்ன தட்டினார் என்பது ஒரு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. "இடது தோள் வலி, சுமார் ஒரு மாதமாக." ஊசி என்ற பேச்சே அதில் இல்லை. அந்தக் கணக்குப்படி என் வலி நவம்பர் நடுவில் ஆரம்பித்திருக்கிறது. சட்டப்படி ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்திருக்க வேண்டும்.

நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். இந்த வழக்கில் உங்கள் வலியை யாரும் பார்க்கப் போவதில்லை, உங்கள் தாள்களைத்தான் படிப்பார்கள். வழக்குப் போடும் எண்ணமே இல்லாதபோது எழுதப்பட்ட குறிப்புக்கு மதிப்பு அதிகம், பிற்பாடு நீங்கள் சத்தியம் செய்து சொல்வதற்குக் குறைவு. அதனால் முதல் தடவை டாக்டரைப் பார்க்கும்போதே மூன்று விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: எந்தக் கை, எந்த ஊசி, ஊசி போட்டு எத்தனை மணி நேரத்தில் வலி வந்தது. சொன்னதோடு விடாமல் அன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியின் பேஷன்ட் போர்ட்டலில் போய் டாக்டர் எழுதியதைப் படியுங்கள். தப்பாக இருந்தால் உடனே திருத்தச் சொல்லி அதிலேயே மெசேஜ் அனுப்புங்கள். பதிவைத் திருத்தக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அவர் திருத்தாவிட்டாலும் நீங்கள் கேட்ட மெசேஜ் தேதியோடு நிற்கும். இன்னொன்று, பல் டாக்டர், கண் டாக்டர், மகப்பேறு டாக்டர் என்று நடுவில் யாரைப் பார்த்தாலும் அங்கே நிரப்பச் சொல்லும் படிவத்தில் மூட்டு வலி என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். நவம்பரில் வருடாந்திரப் பரிசோதனைக்குப் போன இடத்தில் தோளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று விட்டிருந்தேன். அரசாங்கத் தரப்பு அந்தத் தாளை எடுத்து வைத்து, "வலி இருந்திருந்தால் அங்கே சொல்லியிருப்பாரே" என்று கேட்டது.

சிகிச்சை வழக்கமானதுதான். பிசியோ, பிறகு எம்.ஆர்.ஐ., அதில் பர்சைட்டிஸ் (அந்தப் பர்ஸாப் பையின் வீக்கம்), பிறகு ஒரு கார்ட்டிசோன் ஊசி. அந்த ஊசி போட்டபோதுதான் பல மாதத்தில் முதல் தடவையாக ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கினேன். அறுவை சிகிச்சை வரை போகவில்லை. செலவுதான் கடுப்பு. எங்கள் இன்ஷூரன்ஸில் டிடக்டிபிள், அதாவது கம்பெனி கொடுக்க ஆரம்பிக்கும் முன் வருஷா வருஷம் நாமே கட்ட வேண்டிய தொகை, அதிகம். டிசம்பரில் ஆரம்பித்த சிகிச்சை ஜனவரியில் தொடர்ந்ததால் புது வருஷக் கணக்கு மறுபடி சைபரிலிருந்து ஓடியது. எம்.ஆர்.ஐ., கோ-பே எல்லாம் சேர்ந்து கையிலிருந்து போனது நாலாயிரம் டாலரை ஒட்டி வரும். கை வராததால் சமையலுக்குப் பக்கத்தில் ஓர் அக்காவிடம் மாதக்கணக்கில் சாப்பாடு வாங்கினோம். பணம் ஸெல் (Zelle) என்கிற பேங்க் ஆப்பில் அனுப்பினோம், எதற்கு என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்தக் காசு நஷ்டஈட்டில் சேரவில்லை. ரசீதும் காரணமும் இல்லாத செலவு அங்கே செலவே இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனி கொடுத்த பங்கும் நமக்கு வராது, நம் பையிலிருந்து போனது மட்டும்தான்.

பிசியோ மார்ச்சில் நின்றது. இன்ஷூரன்ஸ் இதற்கு மேல் அனுமதிக்கவில்லை. வலி பாதிக்கு மேல் குறைந்திருந்தது, முழுக்கப் போகவில்லை. ஜூனில் பிள்ளைகளோடு ஊருக்குப் போனபோது தங்கை விடாமல் பாளையங்கோட்டையில் ஓர் எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். அவர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓ.பி. சீட்டில் நாலு வரி எழுதினார்: எட்டு மாதமாக இடது தோள் வலி, ஊசிக்குப் பிறகு, கை பக்கவாட்டில் முழுக்க உயரவில்லை. ஐந்நூறு ரூபாய் ஃபீஸ். அந்தச் சீட்டை நான் தூக்கிப் போடாமல் ஃபைலில் வைத்தது என் புண்ணியம். பாதிப்பு ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும் என்பது சட்டம். மார்ச்சில் பிசியோ நின்றுவிட்டது, ஏப்ரலுக்குப் பிறகு வலி இருந்ததற்கு அமெரிக்காவில் என்னிடம் ஒரு தாள்கூட இல்லை. ஆயிரக்கணக்கில் கட்டி எடுத்த எம்.ஆர்.ஐ.யால் அடைக்க முடியாத ஓட்டையை அந்த நாலு வரி அடைத்தது. ஊரில் வைத்தியம் பார்த்தால் தேதியும் டாக்டர் கையெழுத்தும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

வழக்கு என்றதும் வீட்டுக்காரர் பயந்தார். "கிரீன் கார்டு வரிசைல நிக்கோம், இப்ப போயி கவர்மென்ட் மேல கேஸா?" எனக்கும் அந்தப் பயம் இருந்தது. முதலில் ரோட்டோரப் பெரிய விளம்பரப் பலகையில் சிரிக்கும் ஒரு விபத்து வக்கீல் ஆபீசுக்குப் போன் செய்தேன். பார்மசி மேல் வழக்குப் போடலாமா பார்ப்போம், வருவதில் மூன்றில் ஒரு பங்கு எங்களுக்கு என்றார்கள். இது எதுவுமே இந்த விஷயத்துக்குப் பொருந்தாது. ஃப்ளூ ஊசிப் பாதிப்புக்குப் பெரிய தொகை கேட்க வேண்டுமென்றால் நேராகப் பார்மசி மேலோ மருந்துக் கம்பெனி மேலோ போக முடியாது, முதலில் இந்தத் திட்டத்துக்குள்தான் வர வேண்டும். வழக்கு நடப்பது வாஷிங்டனில் உள்ள யு.எஸ். கோர்ட் ஆஃப் ஃபெடரல் கிளெய்ம்ஸில். எதிர்த்தரப்பு சுகாதாரத் துறைச் செயலர். பணம் வருவது ஒவ்வொரு டோஸிலும் ஒரு நோய்க்கு 75 சென்ட் என்று வசூலிக்கும் வரியில் சேர்ந்த நிதியிலிருந்து. ஊசி போட்டவர் தப்பு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை, அவர் வேலைக்கும் ஆபத்தில்லை. ஊசி அமெரிக்காவில் போட்டிருந்தால் போதும், குடியுரிமை கேட்கப்படவில்லை. கிரீன் கார்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று என் வக்கீல் சொன்ன பிறகுதான் வீட்டுக்காரருக்கு மூச்சு வந்தது.

வக்கீல் விஷயத்தில் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். இந்த வழக்கில் வக்கீல் உங்கள் நஷ்டஈட்டில் பங்கு கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அவருடைய ஃபீஸைக் கோர்ட்டே தனியாகக் கணக்குப் பார்த்து அதே நிதியிலிருந்து கொடுக்கும். நல்லெண்ணத்தோடும் நியாயமான அடிப்படையோடும் போட்ட வழக்கு என்றால் தோற்றால்கூட கொடுக்கலாம். சதவீதம் என்ற பேச்சை எடுக்கிற வக்கீலிடம் வணக்கம் சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். இந்தக் கோர்ட்டில் ஆஜராகும் வக்கீல்களின் பட்டியல் கோர்ட்டின் இணையதளத்திலேயே இருக்கிறது. அவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் பரவாயில்லை, எனக்கு எல்லாம் போனிலும் ஜூமிலும்தான் நடந்தது. சிலர் என் முதல் டாக்டர் குறிப்பைக் கேட்டதும் எடுக்கவில்லை. எடுத்துக்கொண்டவர் பெண், பொறுமையானவர், ஆனால் மெயிலுக்குப் பதில் வர வாரமாகும். 2023 இலையுதிர் காலத்தில் மனுத் தாக்கல் ஆனது. கட்டணம் அப்போது 402 டாலர், அதையும் அவரே கட்டிப் பின்னால் வாங்கிக்கொண்டார். முதல் வலி தொடங்கி மூன்று வருஷத்துக்குள் மனுப் போட்டாக வேண்டும். அதைத் தாண்டினால் எவ்வளவு நல்ல வழக்கும் செல்லாது.

அரசாங்கத்தின் பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. சட்டத்தில் 240 நாளில் தீர்ப்பு என்று எழுதியிருக்கிறது, படித்தால் சிரிப்பு வரும். ஸ்பெஷல் மாஸ்டர் என்கிற விசாரணை அதிகாரிகள் எட்டுப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பதும் சட்டம். வலி வேதனைக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர் என்று 1986-ல் எழுதினார்கள், அதையும் ஏற்றவே இல்லை. விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டிருக்கிறது.

பதிலில் இரண்டு ஆட்சேபம். ஒன்று, வலி 48 மணி நேரத்துக்குள் வந்ததற்கு ஆதாரம் போதாது. மற்றது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது: பார்மசிப் பதிவில் இரண்டு ஊசியும் இடது கை என்று இருந்தது. கோவிட் ஊசி இந்தத் திட்டத்தில் இல்லை. அதற்கு வேறொரு திட்டம், ஊசி போட்ட ஒரு வருஷத்துக்குள் கேட்க வேண்டும், அங்கே வலி வேதனைக்குப் பணமும் இல்லை, வக்கீல் ஃபீஸும் இல்லை. இரண்டும் ஒரே கையில் என்றால் எந்த ஊசி தோளைக் கெடுத்தது என்ற கேள்வி வந்துவிடும். பார்மசிக் கம்ப்யூட்டரில் இடது கை என்பது தானாகவே விழுந்து நிற்பது உண்டாம், இது மாதிரித் தப்புகளை இந்தக் கோர்ட் நிறையப் பார்த்திருக்கிறது என்று வக்கீல் தைரியம் சொன்னார். ஆனாலும் நம் பக்கம் ஏதாவது காட்ட வேண்டுமே. ஊசி போட்டு முடிந்ததும் அங்கேயே நின்று, எந்தக் கையில் எது என்று பதிந்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். முடிந்தால் இரண்டு ஊசியை ஒரே நாளில் ஒரே கையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

காப்பாற்றியது சின்னச் சின்ன விஷயங்கள். ஜனவரியில் பிசியோவுக்குப் போன முதல் நாள் என் கையாலேயே நிரப்பிய படிவத்தில் "ஃப்ளூ ஊசி போட்ட அன்று ராத்திரியிலிருந்து, இடது கை" என்று எழுதியிருந்தேன். தங்கைக்கு அனுப்பிய வாட்ஸாப் இன்னொன்று. நான் இடையில் போன் மாற்றியதில் பழைய செய்திகள் போய்விட்டன, அதனால் அவள் போனிலிருந்து படம் பிடித்து அனுப்பினாள். அதில் ஞாயிறு காலை ஏழரை என்று இருந்தது. ஊசி போட்டது சனிக்கிழமை. இந்தியாவில் ஞாயிறு காலை ஏழரை என்றால் இங்கே சனி ராத்திரி பத்து மணி என்று என் வாக்குமூலத்தில் ஒரு பத்தி எழுத வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மொழிபெயர்த்தவர் கையெழுத்தோடும் கொடுத்தோம். தோழி முறுக்குச் சுட்ட நாளைப் பற்றி வாக்குமூலம் கொடுத்தாள், அன்று எடுத்த போட்டோவின் தேதியோடு. அம்மா, தங்கை, தோழி என்று யாரிடம் புலம்பினாலும் எழுத்தில் புலம்புங்கள், அழிக்காதீர்கள்.

நேரில் விசாரணை இல்லை. ஸ்பெஷல் மாஸ்டர் தாள்களைப் படித்து 2025-ல் தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார்: ஃப்ளூ ஊசி இடது கையில்தான், வலி 48 மணி நேரத்துக்குள் தொடங்கியதுதான். அதைப் படித்துவிட்டு அழுதேன். பணத்துக்காக இல்லை, "ஒரு ஊசிக்கு இவ்வளவா" என்பதற்கு ஒரு அதிகாரி எழுத்தில் பதில் சொன்ன மாதிரி இருந்தது. அதன் பிறகு தொகைப் பேச்சு. எவ்வளவு வந்தது என்று சொல்லப்போவதில்லை, ஐந்து இலக்கம். அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கு லட்சத்தைத் தாண்டுவது உண்டு. முதல் டாக்டரிடம் போக இரண்டு மாதம் ஆனதும், பிசியோவுக்குப் பிறகு இடைவெளி விழுந்ததும் என் தொகையைக் குறைத்தன: வலி தாங்கக்கூடியதாக இருந்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம் பண்ணுகிறார்கள். உடல் காயத்துக்கான நஷ்டஈட்டுக்குப் பொதுவாக வருமான வரி இல்லை, ஆனாலும் வரிக் கணக்குப் பார்ப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன். வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க இன்ஷூரன்ஸான மெடிகெய்டில் சிகிச்சை எடுத்தவர்கள் முதலிலேயே வக்கீலிடம் சொல்லிவிட வேண்டும், மாநிலம் தன் பங்கைத் திருப்பிக் கேட்கும்.

கடைசியாக, வக்கீல் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காத ஒன்று. தீர்ப்புகளைக் கோர்ட்டின் இணையதளத்தில் போடுவார்கள், நம் பெயர், எந்த ஊசி, என்ன சிகிச்சை, எவ்வளவு பணம் எல்லாம் அதில் இருக்கும். கூகுளில் பெயரைத் தட்டினால் நாளைக்கு ஆபீஸில் இருப்பவரும் படிக்கலாம், சொந்தக்காரரும் படித்துவிட்டுக் கைமாற்றுக் கேட்கலாம். பெயருக்குப் பதில் முதலெழுத்துகளை மட்டும் போடச் சொல்லிக் கேட்கலாம், கிடைக்கும் என்று உறுதி இல்லை. எனக்குக் கிடைத்தது. ஆனால் தீர்ப்பு வந்த 14 நாளுக்குள் மனுக் கொடுக்க வேண்டும், அதனால் தீர்ப்பு வருவதற்கு முன்பே வக்கீலிடம் சொல்லி வையுங்கள்.